விளைபொருள் இறக்குமதி: கணக்கு லாபம் என்கிறது, அப்புறம் ஏன் இத்தனை சண்டை?

#1 மூன்றாம்பெஞ்சு

பொருளாதாரத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கணக்கு போட்டுப் பார்த்ததிலிருந்து மண்டை குடைகிறது.

ஏதோ ஒரு தானியம் என்று வையுங்கள். இலவசமாகக் கொடுத்தால் மக்கள் 100 டன் கேட்பார்கள்; விலை ஒன்று ஏறினால் தேவை ஒரு டன் குறையும். விளைவிப்பவர்கள் விலை எத்தனையோ அத்தனை டன் கொண்டுவருவார்கள். துறைமுகம் மூடியிருக்கும்வரை விலை 50, விற்பனை 50 டன். உலகச் சந்தையிலோ விலை 30. கதவைத் திறந்தால் உள்நாட்டு விலையும் 30க்கு இறங்கும். மக்கள் 70 டன் வாங்குவார்கள், உள்நாட்டு விளைச்சல் 30 டன்னாகச் சுருங்கும், மீதி 40 டன் கப்பலில் வரும்.

நுகர்வோர் உபரி (மக்கள் கொடுக்கத் தயாராக இருந்ததற்கும் உண்மையில் கொடுத்ததற்கும் உள்ள வித்தியாசம்) 1250இலிருந்து 2450 ஆகிறது. உற்பத்தியாளர் உபரி (விற்ற விலைக்கும் விளைவித்த செலவுக்கும் உள்ள வித்தியாசம்) 1250இலிருந்து 450க்கு விழுகிறது. ஒருவருக்கு 1200 வரவு, மற்றவருக்கு 800 இழப்பு. நாட்டுக்கு நிகரம் 400 லாபம்.

விடைத்தாளில் எழுதினால் முழு மதிப்பெண். ஆனால் விளைபொருள் என்று வந்தால் பெரும்பாலான நாடுகள் வரி, கோட்டா (இறக்குமதி அளவுக்கு வரம்பு), தடை என்று ஏதாவதொன்றைப் பிடித்துத் தொங்குகின்றன. கணக்கு தப்பா, நாடுகள் தப்பா?

#2 நீர்க்குமிழி

நாடுகள்தான் தப்பு. ஓட்டு இருக்கிற இடத்தில் கணக்கு எடுபடாது.

#3 தராசுமுள்

தம்பி, கணக்கில் பிழையில்லை. ஆனால் அதை முழுசாகப் போடவில்லை.

டன்னுக்கு 10 இறக்குமதி வரி போட்டுப் பாருங்கள். உள்நாட்டு விலை 40. தேவை 60, விளைச்சல் 40, இறக்குமதி 20. நுகர்வோர் உபரி 1800, உற்பத்தியாளர் உபரி 800, கஜானாவுக்கு 200. மொத்தம் 2800. கதவு முழுக்கத் திறந்திருந்தால் 2900, முழுக்க மூடியிருந்தால் 2500. அதாவது வரியால் 100 வீணாகிறது. அந்த 100 யார் கைக்கும் போகவில்லை, ஆவியாகிவிடுகிறது. பாதி, வெளியே 30க்குக் கிடைப்பதை உள்ளே அதைவிடக் கூடுதல் செலவில் விளைவித்ததால்; மறுபாதி, 30க்கு மேல் மதித்தும் 40 கொடுக்க முடியாமல் விலகியவர்களால்.

இப்போது வரிக்குப் பதில் 20 டன் கோட்டா வையுங்கள். விலை அதே 40தான். ஆனால் அந்த 200 கஜானாவுக்குப் போகாது, இறக்குமதி உரிமம் வைத்திருப்பவர் பைக்குப் போகும். உரிமத்தையே ஏற்றுமதி செய்யும் நாடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தால் 200 நாட்டைவிட்டே வெளியேறும்; மிச்சம் 2600. அமெரிக்கா சர்க்கரை விஷயத்தில் செய்வது ஏறக்குறைய இதுதான். நாடுவாரியாகக் கோட்டா, உள்ளே உயர்ந்த விலை, அந்த விலை வித்தியாசம் கோட்டா வைத்திருக்கும் வெளிநாட்டுக்கு.

இன்னொன்று: இறக்குமதி செய்யும் நாடு பெரியதாக இருந்தால் கதை மாறும். அது அதே 10 வரி போட்டு வாங்குவதைக் குறைத்தாலே உலக விலை இறங்கும். உலக விலை 30இலிருந்து 27க்கு இறங்கினால் உள்நாட்டு விலை 37, இறக்குமதி 26 டன், வரி வருவாய் 260, மொத்தம் 2929. திறந்த கதவைவிட 29 அதிகம். ஆனால் அது விற்பவன் பையிலிருந்து எடுத்த காசு. அவனும் பதிலுக்கு வரி போட்டால் இரண்டு பேரும் நஷ்டத்தில் உட்கார வேண்டியதுதான்.

#4 கலப்பைக்காரன்

எல்லாரும் உபரி, நிகரம் என்கிறீர்கள். 1200 வந்தவர்களில் ஒவ்வொருவருக்கும் சில்லறை. 800 இழந்தவர்களில் ஒவ்வொருவருக்கும் பிழைப்பு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துக் கழித்தால் எப்படி?

ஹைட்டியைப் பாருங்கள். 1980களில் தன் அரிசியில் பெரும்பகுதியைத் தானே விளைவித்த நாடு. 1995இல் அரிசி இறக்குமதி வரியை 3 சதவீதமாக இறக்கினார்கள். மானியம் வாங்கிக்கொண்டு விளைந்த அமெரிக்க அரிசி உள்ளே கொட்டியது. சாப்பிட்டவர்களுக்கு விலை குறைந்ததென்னவோ வாஸ்தவம்தான். விளைவித்தவர்கள் நகரத்துக்குக் கிளம்பினார்கள். போன இடத்தில் வேலை இல்லை. அப்போது அமெரிக்க அதிபராக இருந்த பில் கிளின்டனே 2010 மார்ச்சில் அமெரிக்கச் செனட் குழு முன்னால் உட்கார்ந்து, தன் மாநிலமான ஆர்கன்சாவின் விவசாயிகள் சிலருக்கு அது நல்லதாக இருந்திருக்கலாம், ஹைட்டிக்கு அது தவறு என்று ஒப்புக்கொண்டார். நிகரம் 400 லாபம் என்றால் மன்னிப்பு எதற்கு?

#5 தராசுமுள்

கலப்பை, கோபம் நியாயம். 1939இல் கால்டோர், ஹிக்ஸ் என்ற பொருளாதார அறிஞர்கள் ஒரு அளவுகோல் வைத்தார்கள்: ஆதாயம் பெற்றவர் இழந்தவருக்கு ஈடு கொடுத்த பிறகும் மிச்சம் இருந்தால் அது முன்னேற்றம். ஈடு கொடுக்க *முடிந்தால்* போதும், கொடுத்திருக்க வேண்டும் என்பதில்லை. பொருளாதாரத்தில் எனக்குப் பிடிக்காத இடம் இதுதான். கல்யாணச் சாப்பாடு எல்லாருக்கும் போதுமானது என்று சொல்லிவிட்டுப் பாதிப் பேரைப் பந்தியில் உட்காரவிடாதது மாதிரி.

ஆனால் ஒரு திருத்தம். 'விவசாயி என்றால் விற்பவர், நகரத்தார் என்றால் வாங்குபவர்' என்று பிரிக்காதீர்கள். நிலமில்லாத கூலியாளும் துண்டு நிலம் வைத்திருப்பவரும் வருஷத்தில் பல மாதம் தானியத்தை விலைக்கு வாங்குகிறவர்கள். ஆங்கஸ் டீட்டன் என்ற பொருளாதார அறிஞர் தாய்லாந்து அரிசியை வைத்து 1989இல் இதைத்தான் ஆராய்ந்தார்: விலை ஏறினால் கிராமத்தில் யாருக்கு எவ்வளவு போகிறது என்று. விகிதாசாரத்தில் அதிகம் பெறுபவர்கள் நடுத்தட்டுக் குடும்பங்கள். அடித்தட்டும் இல்லை, உச்சாணியும் இல்லை. தாய்லாந்து ஏற்றுமதி நாடு, நிலம் ஓரளவு பரவலாக இருந்த நாடு. நிலம் சிலர் கையில் குவிந்திருக்கும் நாட்டில் வரி போட்டு விலையைத் தூக்கினால் பலன் எங்கே போகும் என்று நீங்களே யோசியுங்கள்.

#6 பழையஏடு

இந்தச் சண்டை இருநூறு வருஷம் பழசு. 1815இல் பிரிட்டன் ஒரு தானியச் சட்டம் போட்டது: உள்நாட்டுக் கோதுமை ஒரு குவார்ட்டருக்கு (அக்காலத் தானிய அளவை) 80 ஷில்லிங்கை எட்டும்வரை வெளிநாட்டுக் கோதுமையை விற்கக்கூடாது. அக்காலப் பொருளாதார அறிஞர்களில் ரிக்கார்டோ எதிர்த்தார், மால்தஸ் ஆதரித்தார். இருவரும் நண்பர்கள், சலிக்காமல் கடிதம் எழுதிச் சண்டை போட்டார்கள். ரிக்கார்டோவின் வாதம் எளிது: தானியம் விலை ஏறினால் கூலி ஏறும், லாபம் குறையும், கடைசியில் காசெல்லாம் நிலச்சுவான்தார் குத்தகையாகக் குடிக்கும். அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிய மறுவருஷம், 1846இல், பிரதமர் பீல் அந்தச் சட்டத்தை நீக்கினார். அத்தோடு அவர் ஆட்சியும் போயிற்று.

அடுத்து நடந்ததுதான் எனக்குச் சுவாரசியம். விலை உடனே சரியவில்லை. 1870களில்தான் இரயிலும் நீராவிக் கப்பலும் சேர்ந்து அமெரிக்கத் தானியத்தை ஐரோப்பா முழுக்கக் கொண்டுவந்து இறக்கின. அதே மலிவுத் தானியம். ஆனால் ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு மாதிரி எதிர்கொண்டது.

ஜெர்மனி 1879இல் வரி போட்டு, 1887இல் இன்னும் ஏற்றியது. பிரான்சும் சுவர் எழுப்பியது. பிரிட்டன் கதவைத் திறந்தே வைத்தது. கோதுமைப் பரப்பு அந்நூற்றாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ பாதியாகியது, ஆனால் கிளம்பியவர்களுக்கு ஆலைகள் இருந்தன, கப்பலேறினால் புதுக் கண்டங்கள் இருந்தன.

டென்மார்க் இருக்கிறதே, அது செய்தது தனி. அதுவரை தானியம் ஏற்றுமதி செய்த நாடு. விலை விழுந்ததும் அழவில்லை, வரியும் போடவில்லை. மலிவாக வந்த தானியத்தை மாட்டுக்கும் பன்றிக்கும் தீவனமாகப் போட்டு, வெண்ணெயும் பன்றி இறைச்சியுமாக மாற்றி பிரிட்டனுக்கு விற்றது. 1882இல் முதல் கூட்டுறவுப் பால் ஆலை. சில வருஷத்தில் நாடு முழுக்க நூற்றுக்கணக்கில். சிறு விவசாயி விவசாயியாகவே இருந்தார். விளைவிக்கும் பொருள்தான் மாறியது.

ஹைட்டிக்கும் டென்மார்க்குக்கும் கணக்குப் புத்தகத்தில் வித்தியாசமே கிடையாது. இரண்டும் 'உலக விலை விழுந்தது' என்ற ஒரே படம்.

#7 கலப்பைக்காரன்

டென்மார்க் பக்கத்தில் வெண்ணெய் வாங்கப் பணக்கார பிரிட்டன் இருந்தது. படித்த விவசாயிகள் இருந்தார்கள். கடன் கிடைத்தது. இதெல்லாம் இல்லாத இடத்தில் டென்மார்க்கை உதாரணம் காட்டுவது, நீச்சல் தெரியாதவனிடம் எதிர்க்கரையைக் காட்டுவது.

#8 பழையஏடு

அதைத்தான் நானும் சொல்கிறேன் ஐயா. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

#9 துறைமுகத்தான்

தானிய வியாபாரத்தில் கொஞ்ச காலம் இருந்தவன். உங்கள் எல்லார் வரைபடத்திலும் உலக விலை மாறாத ஒரு படுக்கைக் கோடு. அப்படி ஒரு கோட்டை நான் பார்த்ததே இல்லை.

அரிசி 2007 இறுதியில் டன் 400 டாலருக்கும் கீழே. 2008 நடுவில் தாய்லாந்து விலை 1000 டாலரைத் தாண்டியது. விளைச்சல் அழிந்துவிட்டதா? இல்லை. இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியது, வியட்நாம் கட்டுப்படுத்தியது, பிலிப்பைன்ஸ் பதறிப்போய் எந்த விலைக்கும் டெண்டர் விட்டது. அரிசியில் உலகச் சந்தைக்கு வருவது மொத்த விளைச்சலில் சிறு பங்குதான். அதனால் இரண்டு மூன்று பேர் கதவைச் சாத்தினாலே சந்தை காலி. விலை இறங்கியது எப்படித் தெரியுமா? உலக வர்த்தக ஒப்பந்தத்துக்காக ஜப்பான் வருஷாவருஷம் வேண்டாவெறுப்பாக இறக்குமதி செய்து கிடங்கில் வைத்திருந்த அரிசியை வெளியே விடப்போகிறது என்று ஒரு செய்தி வந்தது. கப்பல் நகர்வதற்கு முன்பே, செய்திக்கே விலை இறங்கத் தொடங்கிவிட்டது.

2010 ஆகஸ்டில் ரஷ்யா கோதுமைக்குத் தடை. 2022 ஏப்ரலில் இந்தோனேசியா பாமாயிலுக்குத் தடை, மூன்று வாரம் கழித்து நீக்கம். வாங்கும் நாட்டுக்கு 30 என்ற சராசரி விலை உபயோகமில்லை. தேவைப்படும் அன்றைக்கு எந்த விலையாக இருந்தாலும் கிடைக்குமா என்பதுதான் விஷயம். நாலு வருஷம் 30க்கு வாங்கி, ஐந்தாம் வருஷம் 90க்குக்கூடக் கிடைக்காமல் போனால், அந்த ஐந்தாம் வருஷத்துக்குள் விளைவிக்கத் தெரிந்தவன் நிலத்தை விற்றிருப்பான்.

#10 நீர்க்குமிழி

அப்போ தற்சார்புதான் பாதுகாப்பு என்கிறீர்களா? உள்நாட்டிலும்தான் மழை பொய்க்கும்.

#11 துறைமுகத்தான்

இல்லை. எல்லா முட்டையையும் உள்ளூர்க் கூடையில் வைப்பதும் ஆபத்துதான். பல நாடுகளிடம் வாங்கு, கிடங்கில் கொஞ்சம் வை என்கிறேன். கிடங்குக்கும் காசு ஆகும். அந்தச் செலவை யாரும் அந்த 400இல் கழிப்பதில்லை.

#12 தராசுமுள்

துறைமுகத்தான் தொட்ட இடத்தில் இன்னும் ஆழமான ஒன்று இருக்கிறது. நியூபெரி, ஸ்டிக்லிட்ஸ் என்ற பொருளாதார அறிஞர்கள் 1984இல் எழுதியது. முதன்முறை படித்தபோது தூக்கிவாரிப்போட்டது.

கதவு மூடியிருக்கும் நாட்டில் விளைச்சல் பாதியானால் விலை ஏறும். விவசாயி விற்பது குறைந்தாலும் வருமானம் ஓரளவு நிற்கும். ஏறிய விலையே அவருக்குக் காப்பீடு மாதிரி. கதவைத் திறந்த பிறகு மழை பொய்த்தால், வெளியிலிருந்து சரக்கு வந்து விலையைப் பழைய இடத்திலேயே பிடித்து வைக்கிறது. விளைச்சலும் போயிற்று, விலையும் ஏறவில்லை. முழு அடியும் அவர் மேலேயே. நிஜமான பயிர்க் காப்பீடு இல்லாத நாட்டில் அவர் என்ன செய்வார்? ஆபத்தான பயிரை விட்டுவிட்டு ஆபத்தில்லாத, மதிப்புக் குறைந்த பயிருக்கு ஓடுவார். எல்லா நாட்டு விவசாயியும் அப்படியே செய்தால் வாங்குபவருக்கும் நஷ்டம். திறந்த வணிகத்தில் *எல்லாருமே* முன்னைவிட மோசமாகக்கூடும் என்று கணிதத்திலேயே காட்டினார்கள். எப்போதும் அப்படி நடக்கும் என்று சொல்லவில்லை. நடக்க வாய்ப்புண்டு, அதற்குக் காரணம் காப்பீடு இல்லாமை என்றார்கள்.

#13 நீர்க்குமிழி

எல்லாரும் இறக்குமதிக்கு எதிராகவே பேசுவதால் எதிர்ப்பக்கம் ஒன்று. சவூதி அரேபியா பாலைவனத்தில் கோதுமை விளைவித்தது. உலக விலையைப்போலப் பல மடங்கு கொடுத்து அரசே கொள்முதல். 1992இல் 40 லட்சம் டன்னைத் தொட்டு, ஏற்றுமதிகூடச் செய்தது! தண்ணீர் எங்கிருந்து? பூமிக்கடியில் ஆயிரக்கணக்கான வருஷமாகக் கிடந்த, மறுபடி ஊறாத நீர். 2008இல்தான் விழித்துக்கொண்டு, படிப்படியாகக் குறைத்து, 2016இல் கொள்முதலை நிறுத்தியது.

டோனி ஆலன் என்ற ஆய்வாளர் இதைத்தான் 'மறைநீர்' என்றார். ஒரு கிலோ கோதுமை வாங்கினால் அதை விளைவிக்க ஆன ஆயிரம் லிட்டருக்கும் மேலான தண்ணீரைச் சேர்த்தே வாங்குகிறோம். தண்ணீருக்கு விலை போடாத நாட்டில், எந்த விலைக்கு எவ்வளவு விளையும் என்று காட்டும் உங்கள் அளிப்புக் கோடே பொய். 50க்கு விளைகிறது என்று காட்டும், நிஜச் செலவு 80ஆக இருக்கும். அங்கே இறக்குமதியின் லாபம் 400 அல்ல, அதைவிடப் பெரியது.

#14 துறைமுகத்தான்

நல்ல பதிவு. ஒரு வால் சேர்க்கிறேன்: கோதுமையைக் கைவிட்டவர்களில் பலர் அங்கே குதிரைமசால் என்ற மாட்டுத் தீவனப் பயிரைப் போட ஆரம்பித்தார்கள். அது கோதுமையைவிடத் தண்ணீர் குடிக்கும்.

#15 நெறியாளர்

ஒரு பதிவு நீக்கப்பட்டது. நாடுகளைப் பற்றிப் பேசலாம், நாட்டவரைத் திட்ட வேண்டாம். தொடருங்கள்.

#16 மூன்றாம்பெஞ்சு

இரண்டு நாளாக உங்கள் பதிவுகளைப் படித்துவிட்டு மறுபடி கணக்கில் உட்கார்ந்தேன். தப்பிருந்தால் சொல்லுங்கள்.

விளைச்சல் 50 டன்னிலிருந்து 30க்குச் சுருங்கும்போது 20 டன் விளைவித்த நிலமும் ஆளும் விடுபடுகிறார்கள். அந்த 20 டன்னின் செலவு, அளிப்புக் கோட்டுக்குக் கீழே 30 முதல் 50 வரையுள்ள பரப்பு, 800. பாடப்புத்தகம் சத்தமில்லாமல் ஒன்றை ஊகிக்கிறது: அந்த 800 மதிப்புள்ள நிலமும் உழைப்பும் மறுநாளே வேறு எங்காவது 800 சம்பாதிக்கும் என்று. டென்மார்க்கில் சம்பாதித்தது. ஹைட்டியில்?

அதில் பாதி சும்மா கிடந்தால் நாட்டுக்கு இழப்பு 400. நிகர லாபம் 400 மொத்தமும் காலி. சரியாகப் பூஜ்யம்! முக்கால்வாசி சும்மா கிடந்தால் 200 நஷ்டம்.

தராசுமுள் அண்ணா சொன்ன 10 வரியோடு போட்டால் விடுபடுவது 10 டன், செலவு 450. லாபம் 300. அதே பாதி சும்மா கிடந்தால் 225 போய் 75 மிஞ்சுகிறது. அதாவது, விடுபட்டதில் ஏழில் இரண்டு பங்குக்கு மேல் சும்மா கிடக்கும் என்றால், முழுக்கத் திறப்பதைவிட அரைக்கதவு மேல்!

#17 தராசுமுள்

சபாஷ். கணக்கு சரி. இரண்டு திருத்தம் மட்டும்.

ஒன்று, அந்த 800 முழுவதும் நிலமும் உழைப்பும் இல்லை. விதை, உரம், டீசல் எல்லாம் அதில் உண்டு. விளைவிக்காவிட்டால் அவை நிஜமாகவே மிச்சம். சும்மா கிடக்கக்கூடியது அதைக் கழித்த மீதிதான். இரண்டு, சும்மா கிடப்பது எத்தனை வருஷம் என்ற கேள்வி. லாபம் வருஷாவருஷம் வரும். சும்மா கிடப்பது மூன்று வருஷமா, ஒரு தலைமுறையா என்பதைப் பொறுத்தே எல்லாம்.

இன்னொரு எதிர்வாதமும் தெரிந்திருக்கட்டும். பகவதி, ராமசாமி என்ற பொருளாதார அறிஞர்கள் 1963இல் சொன்னது: நோய் வேலைச்சந்தையில் இருந்தால் மருந்தைத் துறைமுகத்தில் கொடுக்காதே. வரிக்குப் பதிலாக, விடுபட்டவருக்கு நேரடி உதவி கொடு. விலையைக் கெடுக்காமல் அதே பலன் கிடைக்கும்.

#18 கலப்பைக்காரன்

நேரடி உதவிக்குக் காசு? ஏழை நாட்டு அரசுக்குச் சுலபமாக வரி கிடைக்கும் ஒரே இடம் துறைமுகம்தான். அதையும் மூடிவிட்டு உதவி கொடு என்றால் எங்கிருந்து கொடுக்கும்?

#19 துறைமுகத்தான்

அதற்கு ஒரு நடைமுறை உதாரணம் உண்டு. பிலிப்பைன்ஸ் 2019இல் அரிசிக் கோட்டாவை எடுத்துவிட்டு, பக்கத்து ஆசியான் நாடுகளுக்கு 35 சதவீத வரி வைத்தது. உரிமக்காரர் பையில் போய்க்கொண்டிருந்தது கஜானாவுக்கு வந்தது. அந்த வரியிலிருந்து வருஷம் 1000 கோடி பெசோ நெல் விவசாயிகளுக்கு, இயந்திரம், விதை, கடன், பயிற்சி என்று ஒதுக்கச் சட்டத்திலேயே எழுதினார்கள். நெல் விலை விழுந்த வேகத்துக்கு இயந்திரம் போய்ச் சேரவில்லை என்று அங்கே சண்டை தீரவில்லை. பிறகு 2024இல் விலைவாசிக்குப் பயந்து வரியையும் 15க்கு இறக்கினார்கள். ஆனால் 'ஈடு கொடுக்க முடியும்' என்பதைச் சட்டத்தில் 'கொடு' என்று எழுதிய நாடுகள் அதிகமில்லை.

இன்னொரு பக்கம், வரி ரொம்ப ஏறினாலும் வேலைக்காகாது. நைஜீரியா அரிசிக்குப் போட்ட தடுப்பால் பக்கத்திலிருக்கும் சின்ன பெனின் தன் தேவைக்கு மேல் எத்தனையோ மடங்கு அரிசி இறக்குமதி செய்தது. சாப்பிடவா? இரவில் எல்லை தாண்டத்தான். 2019 ஆகஸ்டில் நைஜீரியா எல்லையையே மூட வேண்டியதாயிற்று.

#20 கலப்பைக்காரன்

வரியே வேண்டாம், நியாயமான விலை போதும் என்றும் சிலர் போராடிப் பார்த்தார்கள். அமெரிக்கப் பருத்தி மானியத்தை எதிர்த்து பிரேசில் 2002இல் உலக வர்த்தக அமைப்புக்குப் போய் வழக்கை ஜெயித்தது. வழக்கு முடிய 2014 ஆயிற்று. கடைசித் தவணையாக 30 கோடி டாலர் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டது. பிரேசிலுக்கு வக்கீல் வைக்கக் காசு இருந்தது. அதே பருத்தியை விளைவிக்கும் மாலி, புர்கினா ஃபாசோ மாதிரி நாடுகளுக்கு? மானியத்தால் வரும் 30உம், திறமையால் வரும் 30உம் உங்கள் படத்தில் ஒரே கோடு.

#21 தராசுமுள்

வாங்குகிற நாட்டின் கண்ணுக்கு ஒரே கோடுதான், கலப்பை. அடுத்தவன் கஜானா நமக்குத் தள்ளுபடி தருகிறது, வாங்கிக்கொள் என்று சொல்பவர்களும் உண்டு. தள்ளுபடி நாளை நிற்குமா என்பதுதான் வித்தியாசம். மானியம் அடுத்தவன் நாடாளுமன்றத்தில் ஒரே வாக்கெடுப்பில் போகும். மண்ணும் மழையும் தரும் மலிவு அப்படிப் போகாது.

#22 மூன்றாம்பெஞ்சு

நாளை மறுநாள் தேர்வு. 'நிகர லாபம் 400' என்றே எழுதப்போகிறேன், மதிப்பெண் முக்கியம். கீழே ஒரு வரி மட்டும் சேர்க்கலாமா என்று யோசனை: 'விடுபட்ட நிலமும் உழைப்பும் உடனே வேறு வேலைக்குப் போகும் என்ற ஊகத்தில்.' திருத்துபவர் குறைப்பாரா?

#23 நீர்க்குமிழி

சேருங்கள். குறைத்தால் இந்த இழையைக் காட்டுங்கள், இன்னும் குறைப்பார்.

#24 கலப்பைக்காரன்

சேர்த்தே எழுது தம்பி.